ஸ்டெங்கா

மலாயில் 'செத்தெங்ஙா' என்றால் பாதி. அரை மணி நேரம், அரை கிலோ, அரைக் கோப்பை எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ரப்பர் காலத்து வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி திருகி 'ஸ்டெங்கா' ஆக்கினார்கள். பாதி விஸ்கி, பாதி சோடா. கிளப்பில் உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்தால் அது வரும். சாமர்செட் மாம் மலாயாவைச் சுற்றிவிட்டு எழுதிய கதைகளில் பொழுது சாய்ந்ததும் துரைமார் கையில் இருப்பது இதுதான். கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் சிலாங்கூர் கிளப் 1884-இல் தொடங்கப்பட்டது. ஸ்டெங்காவின் தலைமைச் செயலகம் என்று அதைச் சொல்லலாம். கோப்பையை எடுத்துவந்து வைப்பவர் பெரும்பாலும் ஆசியர். கோப்பையை வாங்குபவர் ஐரோப்பியர்.

விஸ்கிக்கு இந்த மரியாதை ஆதியிலிருந்தே இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரை லண்டன் கனவான்களின் பானம் பிராந்தி. பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை ஒரு பூச்சி அழித்து பிராந்தி அருகிப்போன பிறகுதான் ஸ்காட்லாந்து விஸ்கிக்கு யோகம் அடித்தது. மலைக்கிராமத்தில் வரி கட்டாமல் ஒளித்துக் காய்ச்சிய சரக்கு, ஐம்பது வருடத்தில் சாம்ராஜ்யத்தின் அடையாளம் ஆகிவிட்டது.

இன்றைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருபத்தைந்து, முப்பது வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் வேலை முடிந்து கூடுகிற இடங்களில் காதில் விழும் கேள்வி வேறு. ஸ்காட்சா, பர்பனா? பீட் பிடிக்குமா, ஷெரி பீப்பாய் பிடிக்குமா? நல்ல கேள்விகள்தான். விடையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்ச் ஸ்காட்லாந்திலேயே காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே ஆலையில் காய்ச்சியது. பர்பனுக்குக் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும். பீப்பாய் புதியதாகவும் உள்பக்கம் தீயில் கருக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அந்தக் கரியும் புது மரமும் தருவதுதான் பர்பனின் வனிலா, கருக்கிய சர்க்கரை வாசனை. ஒருமுறை பர்பன் வைத்த பீப்பாயில் இன்னொரு முறை பர்பன் வைக்க முடியாது. அவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. நாம் 'அசல் ஸ்காட்ச்' என்று கொண்டாடுவதில் பெரும்பங்கு அமெரிக்கப் பழைய பீப்பாயில் முதிர்ந்ததுதான்.

ஆனால் இந்த ஊரில், நம்மாளுங்க விஷயத்தில், எது நல்ல சரக்கு என்ற கேள்வியை நாக்கு மட்டும் முடிவு செய்ததில்லை. சம்பளம் முடிவு செய்தது, சட்டம் முடிவு செய்தது, தோல் நிறம் முடிவு செய்தது. துரைக்கு ஸ்டெங்கா என்றால் தொழிலாளிக்குக் கள்.

தோட்டத்துக் கள்ளுக்கடை தானாக முளைத்த ஒன்றல்ல. அது உரிமம் பெற்று, பெரும்பாலும் நிர்வாகத்தின் கையில் நடந்த ஒன்று. நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் நீர் காலையில் இனிப்பு, மத்தியானத்துக்குள் புளிப்பு. அதன் போதை ஏறக்குறைய பீர் அளவுதான். முதலாளிகள் எப்போதும் சொன்ன நியாயம் இரண்டு. கள் உடம்புக்குக் கெடுதல் இல்லை, சத்துள்ளது என்பது ஒன்று. கள்ளை நிறுத்தினால் கூலிகள் கள்ளச் சாராயத்துக்குப் போய்விடுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அதுதான் சிக்கல். அவர்கள் சொல்லாமல் விட்டது மூன்றாவது நியாயத்தை. சம்பள நாளில் கொடுத்த காசு மறுவாரமே கள்ளுக்கடை வழியாகத் தோட்டத்துக்குள்ளேயே திரும்பிவிடும். கடை லயத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஆள் வெளியே போக வேண்டியதில்லை. கள்ளுக்கடை லாபத்தில் ஒரு 'கள் நிதி' வைத்து அதிலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவழிக்கும் முறையும் இருந்தது. அப்பன் குடித்த காசில் பிள்ளைக்குப் பந்து வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு. இதைவிடக் கச்சிதமான ஒரு பொருளாதாரத்தை நான் படித்ததில்லை.

சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் கள் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று விசாரிக்க காலனி அரசாங்கமே ஒரு ஆணையம் வைத்தது. அதன் அறிக்கை 1917-இல் கோலாலம்பூரில் அச்சாகி வந்தது. கடைகள் அதற்குப் பிறகும் ஓடின.

பிறகு 1941. கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றி நம் பள்ளிப் பாடநூல்களில் ஒரு வரிகூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர்களைத் திரட்டியது. காந்தி குல்லாய் போட்ட இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். தமிழ்நாட்டில் ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த செய்தி கடல் கடந்து வந்து சேர்ந்திருந்த காலம் அது.

அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலை இன்று வாசித்தால் எனக்கு உறைப்பது, எதோடு எது சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம். பிள்ளைகளுக்குப் படிப்பு. பெண்களைத் துன்புறுத்துவதை நிறுத்த வேண்டும். மருத்துவ வசதி. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரை எதிரே வந்தாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. கள்ளும் சைக்கிளும் ஒரே பட்டியலில்! இதை வெறும் ஒழுக்கப் பிரச்சாரம் என்று வாசிப்பவர்கள் சைக்கிளைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள். அந்தத் தொழிலாளிக்குக் கள்ளுக்கடை என்பது பானத்தின் பெயர் அல்ல. தன்னை எங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதன் பெயர்.

மே 6-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் கொதித்தார்கள். மே 16-இல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். இறக்கப்பட்ட படையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டதால் எல்லாம் மூடிப்போனது. போர் முடிந்ததும் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை அதே கள்ளுக்கடை மறியலை மறுபடி கையில் எடுத்தது. 1947-இல் பீடோங் பக்கம் அதற்கும் இரத்தம் சிந்தியது.

அதற்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின, கள்ளுக்கடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. அந்த இடத்துக்கு வந்தது சம்சு. சிறு புட்டி, சில வெள்ளி, சீனக்கடையிலேயே கிடைக்கும். உடம்பு வலிக்கு நல்லது, தெம்பு தரும் என்று ஒட்டுச்சீட்டிலேயே போட்டு விற்றார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டு கத்தியது. கள்ளை நிறுத்தினால் சாராயம் வரும் என்று அந்தக் காலத்து முதலாளி சொன்னது பலித்துவிட்டதே என்று யாராவது கேட்கலாம். கள்ளுக்கடை போனதோடு வீடும் வேலையும் கோவிலும் சேர்ந்து போனதை அவர்கள் கணக்கில் வைப்பதில்லை.

சட்டம் பின்னால் ஓடிவந்தது. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. மளிகைக்கடை, வசதிக்கடை, சீன மருந்துக்கடைகளில் கடும் மது விற்கக் கூடாது என்று கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020-இல் அறிவித்தது. இடையில், 2018 செப்டம்பரில், சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த போலி மது 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பலர் நேபாளம், மியான்மார், வங்காளதேசம், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிகள். அவர்கள் வாங்கிய புட்டிகளில் சிலவற்றின் மேல் விஸ்கி என்றுதான் எழுதியிருந்தது. மெத்தனால் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், முதலில் கண் போகும். 1917-இல் கள்ளுக்கடை வாசலில் நின்ற கூலியின் இடத்தில் நூறு வருடம் கழித்து வேறு மொழி பேசும் கூலி நின்றான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பின்னணியில் தீமா விஸ்கி விவகாரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மலாயில் 'தீமா' என்றால் வெள்ளீயம். மலேசிய நிறுவனம் ஒன்று அந்தப் பெயரில் விற்கும் புகைமணம் கொண்ட கலப்பு விஸ்கி, சான் பிரான்சிஸ்கோ போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. 2021 அக்டோபரில் அந்தப் பெயர் 'ஃபாத்திமா' போல ஒலிக்கிறது என்று பெரிய சர்ச்சை. கடைசியில் பெயர் இருக்கட்டும், ஒட்டுச்சீட்டில் விளக்கம் போடுங்கள் என்று முடிந்தது. எல்லாரும் பெயரைப் பற்றியே பேசினார்கள். புட்டியில் இருக்கும் தாடிக்காரர் யாரென்று கேட்டவர் குறைவு. அவர் கேப்டன் ஸ்பீடி. இந்தியாவில் மீரட்டில் பிறந்த ஆங்கிலேயர். 1873-இல் லாருட்டில் ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க, மந்திரி ஙா இப்ராகிமுக்காக இந்தியாவிலிருந்து சிப்பாய்களைத் திரட்டிக் கொண்டுவந்தவர். மறு வருடம் அங்கேயே பிரிட்டிஷ் அதிகாரி ஆகிவிட்டார். அடுத்தவன் மண்ணில் நடக்கும் சண்டைக்கு இந்தியனை அழைத்துவரும் வழக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், இந்தியர்கள் வாங்கும் விஸ்கியில் படமாக இருக்கிறார்.

சரி, எதைத்தான் குடிப்பது என்று கேட்பவர்களுக்கு என் தேர்வைச் சொல்கிறேன். என் மாமா ஒருவர் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்மோக் அவுஸில் வேலை பார்த்தவர். ரப்பர் பால் உறைந்து தகடானதும் விறகுப் புகையில் நாள்கணக்கில் தொங்கவிடும் கொட்டகை அது. அவருக்கு ஒருநாள் ஐலா தீவின் பீட் விஸ்கி கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்ததும், "என்னடா இது, ஸ்மோக் அவுஸ் வாடை அடிக்குது" என்றார். சரியான தீர்ப்பு. பீட் என்பது மக்கிய சதுப்புநிலக் கரி. அதன் புகையில் பார்லியைக் காயவைக்கும்போது பீனால் வகைச் சேர்மங்கள் ஏறுகின்றன. விறகுப் புகை ரப்பர் தகட்டில் ஏற்றுவதும் அதே வகைதான், பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் அதுதான். விஸ்கி நூல்கள் இந்த வாசனைக்கு அயோடின், கடற்பாசி, மருத்துவமனை என்று உவமை தேடி அலைகின்றன. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. முழுக் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டால் வாசனை இன்னும் திறக்கும்.

பர்பனைக் கொடுத்தபோது அவர் சொன்னது, "குலா மெலாக்கா மாதிரி இருக்கே, புள்ளைங்க குடிக்கிற மாதிரி." அதுவும் சரி. ஆனால் குலா மெலாக்கா எதிலிருந்து வருகிறது? தென்னம்பாளை நீரைக் காய்ச்சினால் அது. காய்ச்சாமல் வைத்தால் கள். அதே கள்ளை வடித்து ஹல்மில்லா மரத் தொட்டியில் முதிரவைத்தால் இலங்கையின் தென்னஞ்சாராயம். கொழும்பில் அது வயது குறித்த புட்டிகளில், கல்யாண வீட்டு மேசைகளில், வெட்கமில்லாமல் நிற்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் அதை அறிந்தவர்கள். மலாயாவில் அதே பாளைநீர் கூலியின் குவளையைத் தாண்டிப் போகவே இல்லை. முதிரவைக்க மரமா இல்லை? காலமா இல்லை? குடிப்பவனுக்கு அவ்வளவு போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது என்று ஒன்றைச் சொல்வதென்றால் அந்தத் தென்னஞ்சாராயம்தான். விஸ்கி அளவு அடர்த்தி இருக்காது, பூவாசனை முன்னால் வரும், பின்னால் லேசாகக் கள்ளின் புளிப்பு. கோலாலம்பூரில் எளிதில் கிடைப்பதில்லை. கொழும்பு போய் வருபவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும்; தீர்வையில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர் கொண்டுவர விடுகிறார்கள்.