வாசலில் கேட்ட காசு: முதலீட்டாளர் வீசாவின் கதை

சென்ற மாதம் வருமான வரி நிகழ்ச்சி முடிந்து கலையகத்தைப் பூட்டுகிற நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு சகோதரி. "அண்ணை, கொழும்பில தம்பி கடையையும் வெள்ளவத்தை வீட்டையும் வித்துப்போட்டுக் குடும்பத்தோட வெளியில வரப்போறான். ஏஜென்ற் நாலு நாட்டு விபரம் போட்ட ஒரு புத்தகம் குடுத்திருக்கிறான். எந்த முதலீட்டு வீசா நல்லதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். இந்தச் சகோதரி 1991 இல் அகதியாக வந்தவர். தம்பியோ காசோடு வர நினைக்கிறார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு வேறு வாசல்கள்.

நான் கணக்காளன், சட்டத்தரணி அல்ல. இந்த நாட்டுக்குப் போங்கள் என்று கை காட்டும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த வீசாவின் வரலாறு பெரும்பாலும் கணக்கு வரலாறுதான். அதைச் சொன்னால் அவருக்கும், இதே யோசனையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்று நினைத்து இந்த மாத உரைக்கு எடுத்துக்கொண்டேன்.

கனடா வாசலில் காசு கேட்பது புதிய பழக்கம் அல்ல. 1885 இல், ரயில் பாதை போட்டு முடிந்த கையோடு, சீனர்களுக்கு மட்டும் தலைக்கு 50 டொலர் வரி விதித்தார்கள். 1900 இல் அது 100 ஆகி, 1903 இல் 500 ஆனது. அந்நாள் கூலியாள் ஒருவரின் இரண்டு வருடச் சம்பளம் என்று சொல்வார்கள். 1923 இல் சீனர் வரவையே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கும்வரை அரசாங்கம் இப்படிச் சேர்த்தது சுமார் 2 கோடி 30 இலட்சம் டொலர். எங்கள் பக்கத்து மக்களையும் விடவில்லை. ஆசியாவிலிருந்து வருபவர் கையில் 200 டொலர் காட்டவேண்டும், இடையில் நிற்காத நேர்ப் பயணமாகவும் வரவேண்டும் என்று 1908 இல் விதி வந்தது. 1914 இல் கோமகட்டா மாரு கப்பல் வன்கூவரில் திருப்பி அனுப்பப்பட்டது இந்த விதிகளைக் காட்டித்தான். சீனர் தலைவரிக்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006 இல்.

பணக்காரரைத் தேடி அழைக்கும் திட்டம் பின்னால் வந்தது. தொழில் நடத்தக்கூடியவர்களுக்கு 1978 இல் ஒரு பிரிவு திறந்தார்கள். தொழில் நடத்தத் தேவையில்லை, காசை மட்டும் போட்டால் போதும் என்ற முதலீட்டாளர் திட்டம் 1986 இல் தொடங்கியது. ஐந்து இலட்சம் டொலர் சொத்து இருக்கவேண்டும். முதலீடு 1 இலட்சத்து 50 ஆயிரம் டொலரில் தொடங்கியது.

1986 என்றதும் எங்கள் ஆட்களுக்கு வேறொன்று நினைவு வரும். அந்த வருடம் ஓகஸ்ட் 11 ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருங்கியடித்துக்கொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த மீன்பிடிப் படகின் கப்டன் கஸ் டால்ரன். ஜேர்மனியில் ஏற்றிய கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்களுக்கு ஒரு வருட அனுமதி கொடுத்தார்கள். முன்வாசலில் காசுக்காரருக்குக் கதிரை போட்ட அதே வருடம், பின்வாசலில் நாங்கள் நனைந்துகொண்டு நின்றோம்.

நாங்களும் காசு கட்டாமல் வரவில்லை. 1995 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில், நிரந்தர வதிவுரிமை எடுக்கும் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் 975 டொலர் என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். அகதிகளுக்கும் அதுதான். விண்ணப்பக் கட்டணம் 500 வேறு. நானும் மனைவியும் 1996 இல் கட்டியது 2,950 டொலர். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். சீட்டைக் கழித்து எடுத்துத்தான் கட்டினேன். 2000 பெப்ரவரியில் அகதிகளுக்கு அந்த 975 ஐ நீக்கினார்கள். கட்டியவர்களுக்குத் திருப்பித் தரவில்லை.

முதலீட்டாளர் திட்டத்தை வளர்த்தது ஹொங்கொங். 1984 டிசம்பரில் பிரித்தானியாவும் சீனாவும் ஒப்பந்தம் செய்தன, 1997 ஜூலை 1 இல் நகரம் கைமாறும் என்று. 1989 ஜூனில் தியனன்மென் சதுக்கத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு அங்கிருந்த நடுத்தரக் குடும்பங்களும் பணக்காரக் குடும்பங்களும் பதறிப்போயின. வன்கூவரிலும் பக்கத்து றிச்மண்டிலும் ரொறன்ரோவிலும் வீடு வாங்கினார்கள். நான் கணக்கு வேலை பழகிய அலுவலகத்திலும் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் இங்கே, உழைப்பவர் ஹொங்கொங்கில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்து போவார். அந்த மாதிரிக் கணவன்மாருக்குக் கன்ரனீஸ் மொழியில் 'விண்வெளி வீரர்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'மனைவி இல்லாதவன்' என்ற சிலேடையும் இருக்கிறது. நிரந்தரமாகக் குடிபெயர எடுத்த வீசா குடும்பத்தை இரண்டாகப் பிரித்து வைத்தது. இதில் எங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து பிரிந்தோம், அவர்கள் வருமானத்துக்காகப் பிரிந்தார்கள். 2002 இல் வந்த சட்டத்தின்படி நிரந்தர வதிவாளர் ஐந்து வருடத்தில் 730 நாளாவது கனடாவில் இருக்கவேண்டும். விண்வெளி வீரர்கள் கலண்டரில் நாள் எண்ணவேண்டியிருந்தது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். தொடக்கத்தில் இந்தக் காசு தனியார் நடத்திய நிதியங்களுக்குப் போனது. அவற்றில் சில நட்டப்பட்டன, போட்டவர்களின் காசும் போனது. அதனால் 1999 இல் திட்டத்தை மாற்றினார்கள். 4 இலட்சம் டொலரை அரசாங்கத்திடமே கட்டவேண்டும். ஐந்து வருடம் கழித்து அதே 4 இலட்சம் திரும்பி வரும், வட்டி இல்லை. "முழுக்காசும் திரும்பி வரும், செலவே இல்லாத வீசா" என்று ஏஜென்ற்மார் சொல்லி விற்றார்கள். ஐந்து வீதக் கூட்டுவட்டியில் 4 இலட்சத்தை ஐந்து வருடம் விட்டுப் பாருங்கள். வட்டி மட்டும் 1 இலட்சத்து 10 ஆயிரத்து 500 டொலர். அதுதான் அந்த வீசாவின் விலை. பலர் 4 இலட்சத்தைக் கட்டவும் இல்லை. கையில் சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் கொடுத்தால் நிதி நிறுவனம் முழுத்தொகையையும் கடனாகக் கட்டும், அரசாங்கம் திருப்பித் தரும்போது அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ளும். கொடுத்த 1 இலட்சத்து 20 ஆயிரம் போனது போனதுதான். இரண்டு தொகையும் எவ்வளவு கிட்டக் கிட்ட வருகின்றன என்று கவனியுங்கள்.

காசுக் கணக்கை விடப் பெரியது காலக் கணக்கு. விண்ணப்பங்கள் குவிந்தன. 2010 இல் முதலீட்டை 8 இலட்சமாகவும், காட்டவேண்டிய சொத்தை 16 இலட்சமாகவும் இரட்டிப்பாக்கினார்கள். அப்படியும் வரிசை குறையவில்லை. 2012 ஜூலையில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். 2014 பெப்ரவரி 11 ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தில், முடிவு கிடைக்காமல் வரிசையில் நின்ற எல்லோரையும் கலைத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். தொழில்முனைவோர் பிரிவையும் சேர்த்தால் ஏறத்தாழ 65,000 பேர். விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்குப் போட்டவர்களுக்கு நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. விண்ணப்பம் போடும்போது 14 வயதாக இருந்த பிள்ளை கல்யாண வயதுக்கு வந்திருக்கும். அதே 2014 ஓகஸ்டில், பெற்றோரோடு சேர்த்து வரக்கூடிய பிள்ளையின் வயதெல்லையை 22 இலிருந்து 19 க்குக் குறைத்தார்கள். 2017 இல் மறுபடி 22 ஆக்கினார்கள். இடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு அது பதில் அல்ல.

ஏன் கலைத்தோம் என்று அரசாங்கம் சொன்ன காரணம் எனக்கு மறக்காது. முதலீட்டாளராக வந்தவர் இருபது வருடத்தில் கட்டும் வருமான வரி, திறமைத் தொழிலாளராக வந்தவர் கட்டுவதைவிடச் சுமார் 2 இலட்சம் டொலர் குறைவு. வீடுகளில் பிள்ளை பார்க்கவும் வயோதிபரைப் பராமரிக்கவும் வந்த பெண்களை விடக்கூடச் சுமார் 1 இலட்சம் குறைவு. இதில் ஒரு பக்கத்தைத்தான் சொன்னார்கள். புதிதாக வருபவர் வெளிநாட்டு நம்பிக்கை நிதியத்தில் காசை வைத்தால் ஐந்து வருடம் அதற்கு வரியில்லை என்ற சலுகையை எழுதிவைத்திருந்ததும் கனடாச் சட்டம்தான். அந்தச் சலுகையையும் அதே நாளில்தான் நீக்கினார்கள்.

மற்ற நாடுகளிலும் இதே போக்குத்தான். பிரித்தானியா தன் முதலீட்டாளர் வீசாவை 2022 பெப்ரவரியில் மூடியது. 50 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் கேட்ட அவுஸ்திரேலிய வீசா 2024 ஜூலையோடு முடிந்தது. போர்த்துக்கல் 2023 ஒக்ரோபரில் வீடு வாங்கி வரும் வழியை அடைத்தது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் திட்டத்தையே நிறுத்தியது. சகோதரி எனக்குக் காட்டிய புத்தகத்தில் இருந்தவை அமெரிக்கா, கியூபெக், அவுஸ்திரேலியா, ஸ்பெயின். நாலில் இரண்டு வாசல் ஏற்கனவே பூட்டியாகிவிட்டது! ஏஜென்ற் முற்பணம் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

மிச்சம் இரண்டு. கியூபெக் 2019 இல் நிறுத்திவிட்டு 2024 இல் திரும்பத் திறந்தது. ஐந்து வருடத்துக்கு 10 இலட்சம், அதைவிடத் திரும்பி வராத 2 இலட்சம், அதற்கு மேல் பிரெஞ்சுப் பேச்சுப் பரீட்சை. தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது, பிரெஞ்சில் 'பொன்ஜூர்' தெரியும். அமெரிக்கத் திட்டம் 1990 சட்டத்தில் வந்தது. பத்துப் பேருக்கு வேலை உண்டாகவேண்டும். 2022 இலிருந்து தொகை 10 இலட்சத்து 50 ஆயிரம், பின்தங்கிய பகுதியென்றால் 8 இலட்சம். முதலில் கிடைப்பது இரண்டு வருடத்துக்கு நிபந்தனையுள்ள வதிவுரிமை. போட்ட காசுக்கு உத்தரவாதம் இருக்கக்கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. வேர்மொண்ட் மாநிலத்தில் ஜே பீக் என்ற பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தின் மீது 2016 இல் மோசடி வழக்கு வந்தது. நடத்தியவர்கள் பின்னர் சிறைக்குப் போனார்கள். காசு போட்ட குடும்பங்கள் பணத்துக்கும் வதிவுரிமைக்கும் சேர்த்து அலைந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. மூத்த பிள்ளைக்கு என்ன வயது? பதினெட்டு. அமெரிக்காவில் பிள்ளைக்கு எல்லை 21. அடுத்தது, காசு எங்கிருந்து வந்தது? எல்லா நாட்டிலும் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், வெள்ளவத்தை வீடு வாங்கிய காசில் பாதி அவர் அனுப்பியது. தொண்ணூறுகளில் இரண்டு வேலை செய்து, உண்டியலில் அனுப்பிய காசு. ரசீது இல்லை, வங்கித் தாள் இல்லை. அந்த நாளில் எங்களில் எத்தனை பேர் வங்கியால் அனுப்பினோம்? இன்றைக்கு ஒரு வீசா அதிகாரிக்கு அந்தக் காசு எங்கிருந்தோ முளைத்த காசு.

"ஒரு கொப்பி இருக்கு அண்ணை" என்றார். திகதி, தொகை, அன்றைய விலை எல்லாம் எழுதிவைத்தாராம். அவருடைய பழைய சம்பளத் தாள்களும் வரித் தாள்களும் அதே பெட்டிக்குள் இருக்கின்றனவாம். கொப்பி தனியே அத்தாட்சி ஆகாது. சம்பளத்தோடும் வீட்டு உறுதியோடும் பொருத்திப் பார்த்தால் எதுவரை நிற்கும் என்பதை ஒரு சட்டத்தரணிதான் சொல்லவேண்டும். அதுவரை ஏஜென்றுக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லச் சொன்னேன். வருகிற ஞாயிறு பின்னேரம் பெட்டியோடு வருகிறார். உட்கார்ந்து வருடம் வருடமாக எழுதிப் பார்க்கப் போகிறோம்.