யந்திர ரசிகரின் கால் நூற்றாண்டு

சங்கீதத்துக்கு ரசிகர் உண்டு, நாடகத்துக்கும் உண்டு. ஆனால் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றுக்கு ரசிகர் கூட்டம் சேரும் என்றும், அதன் புதிய அவதாரம் ஒவ்வொன்றும் வெளிவரும்போது அதை வரவேற்கவும் பரீட்சிக்கவும் நிந்திக்கவும் ஒரு சம்பிரதாயமே வளரும் என்றும் 1974-ஆம் ஆண்டில் யாரேனும் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் நகைத்திருப்பார்கள். அந்நாளில் கணிப்பொறி என்பது சர்வகலாசாலைகளுக்கும் வங்கிகளுக்கும் ராணுவத்துக்கும் உரிய சொத்து. அதை நாடி வந்தவர்கள் துளையிட்ட அட்டைகளை உள்ளே கொடுத்துவிட்டு விடைக்காக வெளியே காத்திருந்தார்கள். காத்திருக்க வேண்டியவனுக்கு மரியாதை உண்டாகலாம், ரசனை உண்டாவதில்லை. பொருள் தன் கைக்கு வந்து, திறந்து பார்க்கவும் திருகிப் பார்க்கவும் உரிமை கிடைத்த பிறகே ரசிகன் பிறக்கிறான்.

அமெரிக்காவில் அவன் பிறந்த காலத்தைச் சுலபமாகக் குறிக்கலாம். ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ என்ற பத்திரிகையின் 1975 ஜனவரி இதழ் அட்டையில் ‘ஆல்டேர் 8800’ என்ற நீல நிறப் பெட்டியின் படம் வெளியாயிற்று. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், கையடக்கக் கணக்கு யந்திரங்கள் செய்து விற்று, பெரிய கம்பெனிகளின் விலைப் போட்டியில் சிக்கிக் கடனில் மூழ்கியிருந்த எட் ராபர்ட்ஸ் என்பவர், இன்டெல் கம்பெனியின் 8080 என்ற சில்லை மையமாக வைத்து அமைத்த யந்திரம் அது. உதிரிப் பாகங்களாக வாங்கித் தாமே பற்றவைத்துக்கொள்வோருக்கு விலை 397 டாலர். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அட்டைப் படத்தில் காணப்பட்ட பெட்டி வெறும் கூடு. நியூயார்க்குக்கு அனுப்பப்பட்ட உண்மையான மாதிரி வழியில் தொலைந்துபோனமையால், விளக்குகளும் விசைகளும் பொருத்திய காலிப் பெட்டியைப் படம் பிடித்து அச்சிட்டுவிட்டார்கள். யந்திர ரசிகரின் முதல் பேரானந்தம் ஒரு காலிப் பெட்டியைக் கண்டு எழுந்தது என்பதைச் சரித்திரக்காரன் மறைக்க வேண்டியதில்லை.

சில நூறு பேர் வாங்கினாலே கடன் தீரும் என்று ராபர்ட்ஸ் எண்ணியிருக்க, பணம் அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது என்ன? திரை இல்லை, விசைப்பலகை இல்லை, நினைவகம் 256 பைட்டுகளே. முன்பக்கத்து விசைகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வோர் எண்ணாக உள்ளே புகுத்த வேண்டும். விடையைச் செவ்விளக்குகள் எரிவதையும் அணைவதையும் கொண்டு வாசித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலோ அனைத்தும் அழிந்துபோகும். இத்தகைய பொருளுக்காகக் கலிபோர்னியாவில் ஸ்டீவ் டாம்பியர் என்ற ஆர்வலர், தாம் பணம் கட்டிய யந்திரம் உண்மையில் தயாராகிறதா என்று நேரில் பார்த்துவரவே ஆல்புகர்க்கிக்கு விமானமேறிச் சென்று வந்தார் என்றால், அந்த உற்சாகத்தை வெறும் வியாபார நோக்கால் விளக்கிவிட முடியாது.

அதே கலிபோர்னியாவில் 1975 மார்ச் 5 அன்று, மென்லோ பார்க் என்ற ஊரில் கார்டன் பிரெஞ்ச் என்பவருடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடி, ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பின்னர் பெயர் பெற்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் நடந்த ஒரு கூட்டத்துக்கு டாம்பியர் தாம் பூட்டி முடித்த ஆல்டேரையும் ஒரு சிறிய வானொலிப் பெட்டியையும் எடுத்து வந்தார். யந்திரம் இயங்கும்போது அருகிலுள்ள வானொலியில் இரைச்சல் கேட்பதை வீட்டில் தற்செயலாகக் கண்டுகொண்ட அவர், எந்த எண் வரிசைக்கு எந்தச் சுருதியில் இரைச்சல் எழுகிறது என்று பொறுமையாகக் குறித்து வைத்து, அந்த இரைச்சலிலிருந்தே ஒரு பாட்டைக் கட்டியிருந்தார். விசைகளைத் தட்டி எண்களைப் புகுத்தி முடித்ததும், எந்த ஒலிபெருக்கியும் இணைக்கப்படாத அந்த யந்திரம், வானொலியின் வழியாகப் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டொன்றைப் பாடிற்று. அதை அடுத்து ‘டெய்ஸி’ என்ற பழைய பாட்டையும் பாடிற்று. கூட்டத்தினர் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். யந்திரத்தைச் செய்தவரே அறியாத ஒரு குணத்தை, அதன் குறையொன்றைப் பற்றிக்கொண்டு ரசிகர் ஒருவர் வெளிப்படுத்திவிட்டார் என்பதே அந்தக் கரகோஷத்தின் பொருள் என்று நான் கருதுகிறேன். பின்வந்த இருபத்தைந்து ஆண்டுகளின் சுபாவம் முழுவதும் அந்த ஒரு மாலைப் பொழுதில் அடங்கியிருந்தது.

உற்சாகத்தோடு கூடவே மனத்தாங்கலும் பிறந்தது. ஆல்டேருக்கென விற்கப்பட்ட நினைவகப் பலகைகள் சரிவர வேலை செய்யவில்லை; ஆனால் பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய ‘பேசிக்’ மொழியைத் தனியே வாங்கினால் 500 டாலர் என்றும், பலகைகளோடு சேர்த்து வாங்கினால் மிகவும் குறைவு என்றும் விலை வைத்தார்கள். ரசிகர்கள் பலகையை ஒதுக்கிவிட்டு, மொழி பதிந்திருந்த துளைக் காகித நாடாவைப் பிரதி செய்து தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். கேட்ஸ் 1976 பிப்ரவரியில் அவர்களைக் கள்வர் என்று கடிந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தர்மம் யார் பக்கம் என்ற வழக்கை இங்கே எடுத்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். புதிய வெளியீட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவனே அதன் விலையையும் தரத்தையும் பற்றி உரக்கக் குறைகூறுகிறவனும் ஆவான் என்ற உண்மை, வியாபாரிகளுக்கு முதலில் புலப்பட்டது இந்த விவகாரத்தில்தான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

1977-இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 என்ற மூன்று யந்திரங்கள் முழு உருவத்துடன் கடைக்கு வந்தன. பற்றவைக்கும் இரும்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் காலம் நெருங்கிற்று. கையால் செய்து பார்த்தவன் இனி கண்ணால் வாசிக்கத் தொடங்கினான். அவனுக்கெனப் பத்திரிகைகள் பெருகின. அவற்றுள் 1975 செப்டம்பரில் தோன்றிய ‘பைட்’ தலையாயது. அப்பத்திரிகையில் 1980 முதல் ஜெரி பூர்னெல் எழுதி வந்த பகுதியை, ரசிகரின் அபிப்பிராயம் ஒரு தனி இலக்கிய வகையாகவே உருப்பெற்ற இடம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். பூர்னெல் விஞ்ஞானக் கதை ஆசிரியர். தம் லாஸ் ஏஞ்செல்ஸ் இல்லத்துக்குக் ‘குழப்ப மாளிகை’ என்று பொருள்படப் பெயரிட்டு, தம் கணிப்பொறிக்கு ‘எஸெக்கியல்’ என்று தீர்க்கதரிசி ஒருவரின் நாமத்தைச் சூட்டி, அதனோடு தாம் பட்ட பாட்டையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார். நிபுணராக அல்லாமல் உபயோகிப்பவராகவே அவர் பேசினார்: இன்ன மென்பொருளை நிறுவ முயன்றேன், கையேடு புரியவில்லை, கம்பி பொருந்தவில்லை, கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினேன், மகன் வந்து சரிசெய்தான் என்று நடையிடும் அந்தக் கட்டுரைகளில், யந்திரத்தின் வேகத்தைக் காட்டும் எண்களைவிட அதன் முன் உட்கார்ந்திருக்கும் மனிதனின் கோபதாபங்களே மிகுதி. நல்லவற்றுக்கு ஆர்க்கிட் மலரும் அல்லாதவற்றுக்கு வெங்காயமும் ஆண்டுதோறும் வழங்குவது அவர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பட்சபாதம் உள்ளவர், சமயங்களில் அளவு மீறிப் பேசுகிறவர் என்றெல்லாம் அவர்மீது புகார் உண்டு. இருப்பினும், ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அதைப் பற்றிப் பேச அதிகாரம் உண்டு என்ற எண்ணத்தைப் பதினெட்டு ஆண்டுகள் மாதந்தவறாமல் நிலைநாட்டியவர் அவரே. 1998-இல் அந்தப் பத்திரிகையின் அச்சுப் பதிப்பு நின்றுபோயிற்று.

ரசிகனின் சந்தேகத்துக்கு உலகம் செவிசாய்த்தது 1994-இல். பெண்டியம் என்ற சில்லை இன்டெல் அதற்கு முந்தின ஆண்டு வெளியிட்டிருந்தது. அதன் உருவாக்கத்தில் முன்னின்றவருள் ஒருவர் புனே நகரில் பிறந்த வினோத் தாம் என்பது நம்மவர் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியரான தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, புதிய யந்திரம் தரும் விடை பழைய யந்திரங்களின் விடையோடு ஒவ்வாமல் நிற்பதைக் கண்டார். தம் நிரலில் பிழையா, மொழிமாற்றியில் பிழையா, பலகையில் பிழையா என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் சில்லிலேதான் பிழை என்று நிச்சயித்து, அக்டோபர் 30 அன்று சிலருக்கு மின்னஞ்சலில் எழுதினார். வகுத்தலுக்காகச் சில்லினுள் பதிக்கப்பட்ட அட்டவணையில் 1066 இடங்களில் ஐந்து விடுபட்டுப்போயிருந்தன, அவ்வளவே. ஆயினும் அந்த ஐந்து போதுமாயிருந்தது. 4195835 என்ற எண்ணை 3145727-ஆல் வகுத்து, வந்த ஈவை அதே எண்ணால் மீண்டும் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் குறையுள்ள பெண்டியம் 256 என்று கூறும். சிறுபிள்ளையும் செய்து பார்க்கக்கூடிய இச்சோதனை நாடெங்கும் பரவி, ஒவ்வொருவரும் தம் யந்திரத்தைத் தட்டான் பொன்னை உரைகல்லில் உரைப்பதுபோல் உரைத்துப் பார்க்கலானார்கள். சாதாரண உபயோகத்தில் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழை தலைகாட்டும் என்று இன்டெல் சமாதானம் சொல்லிற்று. 24 நாட்களுக்கு ஒருமுறையேனும் நேரலாம் என்று கணக்கிட்ட ஐ.பி.எம்., அச்சில்லுள்ள தன் யந்திரங்களை அனுப்புவதையே நிறுத்திவைத்தது. டிசம்பர் 20 அன்று, கேட்பவர்க்கெல்லாம் மாற்றித் தருவதாக இன்டெல் இணங்கிற்று. அதற்கு அது ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர்.

அடுத்த ஆண்டே காட்சி மாறிவிட்டது. வரவேற்பை ரசிகனிடம் விட்டுவைக்காமல் தானே நடத்திக்கொள்ள வியாபாரி கற்றுக்கொண்டான். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியான வைபவத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாட்டை விலைகொடுத்து வாங்கினார்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் மாளிகைக்கு விண்டோஸ் சின்னத்தின் வர்ணங்களில் விளக்கேற்றினார்கள். லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் அன்றைய பிரதிகளை மைக்ரோசாப்ட் செலவில் இனாமாக வழங்கினார்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கதவு திறக்கும் கடைகளின் முன் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மென்பொருள் உபயோகமற்றது என்று நான் சொல்லவில்லை. நீண்ட கோப்புப் பெயர்களும், ‘ஸ்டார்ட்’ பொத்தானும் எத்தனையோ லட்சம் பேரின் தினசரி வேலையைச் சுலபமாக்கின. ஆனால் அந்த வரிசையில் நின்ற கூட்டத்துக்கும் டாம்பியரின் வானொலிக்குக் கைதட்டிய கூட்டத்துக்கும் பெயர் ஒன்றே தவிர, வேறு உறவு அதிகம் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1998 ஏப்ரலில் சிகாகோ பொருட்காட்சியில் விண்டோஸ் 98-ஐக் கேட்ஸ் முன்னிலையில் விளக்கிக் காட்டும்போது, படவருடி ஒன்றைப் பொருத்தியதும் யந்திரம் நீலத்திரை காட்டி நின்றுவிட, சபையினர் சிரித்துக் கைதட்டி ஆரவாரித்தார்கள் அல்லவா, அங்கே பழைய ரசிகன் மீண்டும் ஒருகணம் தலைகாட்டினான் என்பது என் அபிப்பிராயம்.

அதே 1998-இல் அவனுக்கு ஒரு புதையலும் அகப்பட்டது. மலிவு விலைக்கென இன்டெல் செய்த முதல் செலரான் சில்லு, இரண்டாம் நிலை இடைநினைவகம் இல்லாதபடியால் ரசிகர்களின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்தது. அக்குறையை நீக்கி ஆகஸ்டில் வந்தது செலரான் 300ஏ. தாய்ப்பலகையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் நாலரை, ஆகவே வேகம் 300 என்பது கம்பெனியின் கணக்கு. துடிப்பை 100 ஆக உயர்த்தினால்? அச்சில்லுகளில் பெரும்பாலானவை சிறிதும் தளராமல் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. அதே நாளில் வெளியான 450 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் 2-க்கு 600 டாலருக்கும் மேல் விலை வைத்திருக்க, இதன் விலை 149 டாலர். பணக்காரர் பொருளை ஏழை விலையில் அனுபவிக்கும் இந்த ரகசியம், விளம்பரம் எதுவும் இன்றியே வாய்வழியாகத் தேசங்கள்தோறும் பரவிற்று.

தமிழ் எழுதுவோருக்கு வேகத்தைவிட வேறொரு பரீட்சையே முக்கியமாயிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக்களுக்கும் பொதுவிதி வகுக்க முயன்றதற்குக் காரணம், ஒருவர் எழுதியது மற்றவர் யந்திரத்தில் பொருளற்ற ரோமன் குறிகளாகத் தோன்றிய அவலம். 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, ‘லதா’ எழுத்துருவுடன் யூனிகோடு முறையில் தமிழைக் காட்டிற்று. அதற்குப் பின் எந்தப் புதிய மென்பொருள் வந்தாலும், ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறதா, பின்னால் தள்ளாடுகிறதா என்பதே தமிழ் ரசிகரின் முதல் சோதனையாயிற்று. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யிலோ, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியை அமைப்புகளுள் தேடிக் கண்டு, கேட்கும்போது மூலத்தகட்டையும் உள்ளே இட்டு, யந்திரத்தை மறுபடி துவக்கிய பிறகே கொம்பு தன் ஸ்தானத்துக்கு வந்தது.

அந்த 2000-ஆம் ஆண்டிலேதான் இரு கம்பெனிகளின் வேகப் பந்தயம் உச்சத்தை எட்டிற்று. மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. 1 கிகாஹெர்ட்ஸ் சில்லை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் அறிவித்தது. பின்தங்கியதைப் பொறாத இன்டெல் ஜூலை இறுதியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3-ஐ அவசரமாக வெளியிட்டது. வைத்தியப் படிப்புப் படித்துவிட்டு யந்திரப் பரீட்சையைத் தொழிலாகக் கொண்ட ஜெர்மானியர் தாமஸ் பாப்ஸ்ட், தமக்கு வந்த மாதிரியைக் கொண்டு லினக்ஸ் கருவைத் தொகுக்க முயன்றபோது ஒருமுறையும் அது நிறைவேறவில்லை என்று எழுதினார். சில்லில் கோளாறா, அவர் பரீட்சித்த முறையில் கோளாறா என்று தொடக்கத்தில் ஐயுற்றவர்கள் இருந்தார்கள். பதினாலு வயதில் கணிப்பொறி விமர்சனம் எழுதத் தொடங்கியிருந்த இளைஞர் ஆனந்த் லால் ஷிம்பி முதலிய மற்றப் பரிசோதகர்களும் தம் மாதிரிகளை மீண்டும் சோதித்து அவர் சொல்லை உறுதிப்படுத்தினார்கள். ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் இன்டெல் அச்சில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நவம்பரில் அது பெண்டியம் 4-ஐ 1.5 கிகாஹெர்ட்ஸ் என்ற பெரிய எண்ணுடன் கொண்டுவந்தபோது, ரசிகர்கள் அந்த எண்ணை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தங்கள் வழக்கமான சோதனைகளை நடத்தி, சில வேலைகளில் இது 1 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3-க்கும் பின்தங்குகிறது என்று எழுதினார்கள்.