குளிர்ச் சங்கிலி (மட்டக்களப்பு வாவிப் பகுதி)

தடுப்பு மருந்து, ஆலையிலிருந்து குழந்தையின் உடலைச் சேரும்வரை வீரியம் குன்றாதிருக்கச் செய்யப்படும் சேமிப்பு, போக்குவரத்து ஏற்பாடுகளின் தொடர்.

இத்தகைய ஏற்பாடு இல்லாத காலத்தில், நூலில் தோய்த்து உலர்த்திக் கப்பலில் அனுப்பிய அம்மைப்பால் (பெரியம்மைத் தடுப்பு மருந்து) வெப்பத்தில் கெட்டது. அதனால் அது பஸ்ராவிலிருந்து, ஒருவர் கையில் குத்தி அதிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றிக் கொண்டுவரப்பட்டு, 1802 ஜூன் 14இல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்குக் குத்தப்பட்டது. இலங்கைக்கு அது அதே ஆண்டிலேயே வந்தது. பின்னர் சென்னை மாகாணத்தில் டபிள்யூ. ஜி. கிங் என்பவர் அம்மைப்பால் கெடாதிருக்க அதை லானோலினில் (கம்பளிக் கொழுப்பில்) குழைத்துப் பார்த்தார்.

உலர்ந்த அம்மைப்பாலை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1920களில் ஜாவாவின் பண்டுங்கில் பணியாற்றிய ஒட்டன் என்பவரைச் சிலர் குறிப்பிடுவர். உறையவைத்து உலர்த்தும் முறையைப் பேரளவு உற்பத்திக்கு ஏற்றதாக்கிய பெருமை 1950களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் லெஸ்லி கோலியருக்குப் பொதுவாக அளிக்கப்படுகிறது.

இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் 1978இல் தொடங்கியது. கொழும்பு, மாவட்டக் களஞ்சியம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கிளினிக் என மருந்து இறங்கிவரும் வழியில் பெரும்பாலான மருந்துகளுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் விதியாயிற்று. வெயில் நாட்டில் வெப்பத்துக்கே எல்லாரும் அஞ்சினர். உறைவு செய்யும் கேடு அதனினும் மறைவானது. முக்கூட்டு ஊசி மருந்தும் ஏற்புவலி ஊசி மருந்தும் அலுமினிய உப்பில் ஒட்டியிருப்பவை. உறைந்தால் அவ்வுப்பு திரண்டுவிடும், உருகிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது. இதை அறியும் குலுக்கற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே தொகுதியைச் சேர்ந்த குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, ஐயத்துக்குரிய குப்பியுடன் சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். உறைந்தது விரைவில் அடியில் படிந்து மேலே தெளிந்த நீரைக் காட்டும். நல்லது நெடுநேரம் மோர்போலக் கலங்கியே நிற்கும். பனிப்பொதிகளையும் எடுத்தவுடன் பெட்டியில் அடுக்கலாகாது. காதருகே ஆட்டினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை அவற்றை வெளியே வைத்திருக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரின் இச்சிறு பொறுமையில் ஒரு கிளினிக்கின் மருந்து முழுவதும் தங்கியுள்ளது. வெப்பமா உறைவா, எது அதிக மருந்தை வீணாக்குகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 1995 முதல் நடந்த தேசிய போலியோ தடுப்பு நாட்களுக்காக உள்நாட்டுப் போரின் இரு தரப்பும் சண்டையை நிறுத்திவைத்தன. 1996இல் போலியோக் குப்பிகளில் வெப்பங்காட்டி ஒட்டுவது உலகளவில் தொடங்கியது. அதன் உட்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்தை அடைந்தால் மருந்தைக் கழித்துவிட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்கு மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை படகுப்பாதையே இருந்தது. குளிர்ப்பெட்டி தாங்கவேண்டிய நேரத்தில் துறையில் காத்திருப்பதும் சேர்ந்தது.

2021 கொவிட் தடுப்பூசிகளில் கோவிஷீல்ட், சினோபாம் ஆகியன வழக்கமான குளிர்ப்பெட்டியிலேயே வைக்கக்கூடியவை. அவ்வாண்டு ஜூலையில் வந்த பைசருக்குச் சுமார் மறை 70 பாகை தேவைப்பட்டது. உருகிய பின் 2 முதல் 8 பாகையில் அது ஒரு மாதம் வரை தாங்கியது.