பெயர் வெட்டாத கல்

ஆயக்குடியில் ஒரு பித்தளை அண்டாவின் வயதை அறிய அதன் விளிம்பைப் பார்த்தால் போதும். பெயரும் சில சமயம் தேதியும் வெட்டியிருக்கும். பெண்ணின் பெயரென்றாலும் முன்னால் தகப்பன் அல்லது கணவனின் இனிஷியல் நிற்கும். தினமும் அடுப்பேறும் தோசைக்கல்லில் அதுகூட இராது. வார்ப்பிரும்பில் சிற்றுளி எளிதில் இறங்காது; இறங்கினாலும் எண்ணெய்க் கருக்கு மூடிவிடும்.

அமெரிக்காவின் ஈரி நகரில் வார்த்த கிரிஸ்வோல்ட் வாணலிகளுக்கு அடியில் நிறுவன முத்திரை உண்டு. அது மாறிய விதத்தை வைத்துச் சேகரிப்பாளர்கள் காலம் கணிக்கிறார்கள். முத்திரை இல்லாமல், உருகிய இரும்பை ஊற்றிய தடம் மட்டும் அடியில் நீளத் தழும்பாக இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. முத்திரையைப் படிக்க, பழைய கருக்கைக் காரத்தில் ஊறவைத்து உரிப்பவர்களும் உண்டு. பட்டறையின் பெயர் கிடைக்கிறது; சமைத்தவளின் கைவேலை கழுவிப் போகிறது.

நம் கல்லைக் கவிழ்த்தால் கனமும் மணல் அச்சின் சொரசொரப்பும் தெரியும். அது வார்த்ததா, தகட்டில் அடித்ததா என்று சொல்லிவிடலாம். ஆண்டு தெரியாது. மேற்புறத்து வழவழப்போ பட்டறையில் வந்ததல்ல. கல் 'பழக' வருஷங்கள் ஆகும்.

ஆண்டைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். "எங்க மாமியாரோட மாமியார் கல்லு" என்றால் அவர்களின் கல்யாண வருஷங்களைப் பின்னோக்கி எண்ணலாம். பிறந்த வீட்டிலிருந்து வந்ததா, புகுந்த வீட்டில் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். பழைய இரும்புக்காரர் தராசை எடுப்பதற்கு முன்.