ஆஸ்திரேலிய மாநிலக் கால்பந்து லீக்குகள்: 2014 பருவம்

ஆஸ்திரேலியாவின் மாநிலக் கால்பந்து லீக்குகள் எட்டும் நேஷனல் பிரீமியர் லீக்ஸ் (என்.பி.எல்.) என்ற ஒரே பெயரின் கீழ் முதன்முறையாக முழுமையாக நடந்த பருவம் 2014 ஆகும். நாட்டின் முதல் நிலைப் போட்டியான ஏ-லீக்குக்கு அடுத்த இரண்டாம் படியில் இந்த லீக்குகள் அப்போது இருந்தன. அந்த ஆண்டின் தேசிய பட்டத்தை அடிலெய்டு நகரின் நார்த் ஈஸ்டர்ன் மெட்ரோஸ்டார்ஸ் வென்றது. அதே ஆண்டில் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. கோப்பை, மாநிலக் கழகங்களை ஏ-லீக் கழகங்களுடன் நேருக்கு நேர் மோத வைத்தது. கழகங்களின் பெயர், சின்னம் குறித்த சர்ச்சைக்குரிய கொள்கையும் அதே ஆண்டில்தான் வந்தது.

பின்னணி

ஆஸ்திரேலியாவில் கால்பந்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். கிரேக்கர், இத்தாலியர், குரோஷியர், செர்பியர், மாசிடோனியர் எனப் பல சமூகத்தாரும் தாங்கள் குடியேறிய புறநகர்களில் சொந்தக் கழகங்களைத் தொடங்கினர். சவுத் மெல்போர்ன் கிரேக்கர்களின் கழகம். 1946இல் தொடங்கிய அடிலெய்டு சிட்டி இத்தாலியர்களுடையது. சிட்னி யுனைடெட், மெல்போர்ன் நைட்ஸ் இரண்டும் குரோஷியர்களுடையவை. 1977இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதன் முதுகெலும்பாக நின்றவை இத்தகைய கழகங்களே. சவுத் மெல்போர்ன் நான்கு முறையும் அடிலெய்டு சிட்டி மூன்று முறையும் அந்த லீக்கை வென்றன. 2000ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த முதல் உலகக் கழகக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகக்கூட சவுத் மெல்போர்ன் ஆடியது.

பணமுடை, நிர்வாகச் சீர்கேடு, இனச்சார்புக் குற்றச்சாட்டுகள் எல்லாம் சேர்ந்து அந்த லீக்கை வீழ்த்தின. 2003இல் வெளியான கிராஃபோர்டு அறிக்கை கால்பந்து நிர்வாகத்தை அடியோடு மாற்றப் பரிந்துரைத்தது. 2004இல் பழைய லீக் முடிந்தது. 2005இல் எட்டு அணிகளுடன் ஏ-லீக் பிறந்தது. நகரத்துக்கு ஓர் அணி, எந்தச் சமூகத்தின் அடையாளமும் இல்லாத பெயர், தனியார் உரிமையாளர் என்ற அமைப்பில் பழைய கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. நாடறிந்த சாம்பியன்கள் மாநில லீக்குகளுக்குத் திரும்பி, சில நூறு பார்வையாளர்கள் முன் ஆடத் தொடங்கினர். ஏ-லீக் மூடிய லீக் என்பதால், மாநில லீக்கில் எத்தனை முறை முதலிடம் பிடித்தாலும் மேலே ஏற வழியில்லை. 2014 பருவத்தில் நடந்த பலவற்றுக்கும் அடிப்படை இந்த நிலைமையே.

ஒரே பெயரில் எட்டு லீக்குகள்

மாநில லீக்குகள் அதுவரை தத்தம் விதிகளின்படி நடந்துவந்தன. அவற்றை ஒரு சீரான அமைப்புக்குள் கொண்டுவரவே ஆஸ்திரேலியக் கால்பந்து சம்மேளனம் (எஃப்.எஃப்.ஏ.) என்.பி.எல். திட்டத்தை வகுத்தது. 2013இல் தலைநகர் பிரதேசம், நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகிய ஐந்தும் சேர்ந்தன. அந்த ஆண்டின் தேசிய இறுதிப்போட்டியில் தாஸ்மேனியாவின் சவுத் ஹோபார்ட்டைத் தோற்கடித்து சிட்னி யுனைடெட் முதல் பட்டத்தைப் பெற்றது. 2014இல் விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா, வடக்கு நியூ சவுத் வேல்ஸ் ஆகியவை இணைந்ததும் எண்ணிக்கை எட்டாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் ஒரே மாநிலமாக இருந்தும் கால்பந்தில் அதற்கு இரண்டு சம்மேளனங்கள் உண்டு. வடபகுதிக்கு நியூகாசிலை மையமாகக் கொண்ட தனிச் சம்மேளனம் இயங்குகிறது. வடக்குப் பிரதேசம் மட்டும் இந்த அமைப்புக்கு வெளியே இருந்தது.

என்.பி.எல்.லில் ஆட ஒரு கழகம் உரிமம் பெற வேண்டும். உரிமம் கேட்கும் கழகத்திடம் தகுதிச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்கள், தொழில்நுட்ப இயக்குநர், வயதுவாரியான இளையோர் அணிகள், ஒழுங்கான கணக்கு வழக்கு எல்லாம் இருந்தாக வேண்டும். ஆட்டக்காரர்களுக்கான புள்ளி முறையே இவற்றுள் அதிகம் பேசப்பட்டது. கழகத்தின் சொந்த இளையோர் அணியில் வளர்ந்தவருக்குக் குறைந்த புள்ளி, வேறு கழகத்திலிருந்து வருபவருக்குக் கூடுதல், வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அதைவிடக் கூடுதல். அணியின் மொத்தப் புள்ளி ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. பணத்தை வீசி ஆட்டக்காரர்களை அள்ளிச் சேர்ப்பதைத் தடுத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பு ஏற்படுத்துவது இதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் பயிற்றுநர் ஊதியத்துக்கும் இளையோர் அணிச் செலவுக்கும் பெற்றோரிடம் வசூலித்த கட்டணம் ஏறிக்கொண்டே போனது என்ற குறை தொடக்கத்திலிருந்தே எழுந்தது.

விக்டோரியா ஓராண்டு தாமதமாகச் சேர்ந்ததற்கும் இந்த உரிமமே காரணம். உரிமங்களின் எண்ணிக்கை, நிபந்தனைகள், செலவு ஆகியவற்றை எதிர்த்து அம்மாநிலத்தின் கழகங்கள் பல ஒன்றுகூடி மாநிலச் சம்மேளனத்துக்கு எதிராக நீதிமன்றம் சென்றன. முன்னணியில் நின்றது மெல்போர்ன் நைட்ஸ். பின்னர் உடன்பாடு ஏற்பட்டு, 14 கழகங்களுடன் விக்டோரியாவின் முதல் என்.பி.எல். பருவம் 2014இல் தொடங்கியது. 26 சுற்றுகள் கொண்ட அந்த லீக்கில் சவுத் மெல்போர்ன் முதலிடம் பிடித்தது.

பருவத்தின் போக்கு

ஏ-லீக் அக்டோபரில் தொடங்கிக் கோடையில் நடக்கும். மாநில லீக்குகள் குளிர்காலத்துக்கு உரியவை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை செல்லும். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தோடும் ரக்பியோடும் மோத வேண்டாம் என்பதற்காகவே 1989இல் பழைய தேசிய லீக் கோடைக்கு மாறியது. உள்ளூர்க் கழகங்களால் அப்படி மாற முடியவில்லை. நகராட்சி மைதானங்களைக் கோடையில் கிரிக்கெட் எடுத்துக்கொள்ளும், வெயிலும் கடுமை. ஒரே நாட்டில் ஒரே விளையாட்டு இரண்டு நாள்காட்டிகளில் நடப்பதால், மாநில ஆட்டக்காரர் ஒருவர் ஏ-லீக்குக்குப் போனாலும் அங்கிருந்து திரும்பினாலும் பருவம் இடிக்கிறது.

முழுநேரத் தொழிலாக ஆடுபவர்கள் இந்த லீக்குகளில் அரிது. பகலில் வேறு வேலை, வாரத்தில் சில மாலைகளில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என்பதே வழக்கம். மைதானங்களும் அதற்கேற்றவை: ஒரு பக்கம் சிறிய கூரைப் பந்தல், மறுபக்கம் புல்மேடு, ஓரத்தில் கழகத்தின் மன்றக் கட்டடம். குரோஷியக் கழகத்தின் மைதானத்தில் கரியடுப்பில் செவாப்பி வாட்டும் புகையும் கிரேக்கக் கழகத்தில் சுவ்லாக்கியின் மணமும் ஆட்டத்தின் பகுதியாகவே கருதப்படுகின்றன. கடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சவுத் மெல்போர்ன் மட்டும் ஆல்பர்ட் பூங்காவின் லேக்சைடு அரங்கில் ஆடுகிறது. லீக் கூட்டத்துக்கு அது மிகப் பெரியது.

தூரம் ஒரு தனிச் சிக்கல். மேற்கு ஆஸ்திரேலியாவின் லீக் ஏறக்குறைய முழுவதும் பெர்த் மாநகருக்குள் அடங்கிவிடும். தாஸ்மேனியாவில் அணிகள் குறைவு என்பதால் ஒரே எதிரணியை மும்முறை சந்திக்க நேரும். குயின்ஸ்லாந்தில் நிலைமை நேர்மாறு. கெய்ர்ன்ஸ், ராக்ஹாம்டன் போன்ற தொலைநகரங்களிலிருந்து வட்டார அணிகள் சேர்க்கப்பட்டிருந்தன. கெய்ர்ன்ஸுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே சாலைவழித் தூரம் சுமார் 1,700 கி.மீ. பகுதிநேர ஆட்டக்காரர்கள் ஒரு லீக் ஆட்டத்துக்காக விமானம் ஏற வேண்டியிருந்தது. அந்தச் சுமையை நீண்டகாலம் தாங்க முடியவில்லை. அவ்வணிகள் பிற்பாடு விலகின.

புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கும், பருவ முடிவில் முன்னணி அணிகளிடையே நடக்கும் வெளியேற்றுச் சுற்றில் வெல்லும் அணிக்கும் ஆஸ்திரேலியாவில் தனித்தனிப் பட்டங்கள் உண்டு. எனவே ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்துக்கு இரண்டு வெற்றியாளர்கள் இருக்கலாம். தேசிய சுற்றில் லீக்குக்கு ஓர் அணி வீதம் எட்டு அணிகள் காலிறுதியில் மோதின. தெற்கு ஆஸ்திரேலியாவின் மெட்ரோஸ்டார்ஸ் இறுதிவரை முன்னேறிப் பட்டம் வென்றது. பழைய தேசிய லீக்கில் ஆடிப் புகழ்பெற்ற கழகமல்ல அது. அடிலெய்டின் கிளெம்சிக் புறநகரில் சிறிய மைதானம் ஒன்றில் ஆடும் உள்ளூர்க் கழகம். பெரிய பெயர்கள் நிறைந்த சிட்னியையும் மெல்போர்னையும் தாண்டி பட்டம் அங்கே சென்றது அந்தப் பருவத்தின் சிறப்புகளில் ஒன்று. அடுத்த ஆண்டின் எஃப்.எஃப்.ஏ. கோப்பையில் முதன்மைச் சுற்றுக்கான இடமும் அந்த வெற்றியால் கிடைத்தது.

எஃப்.எஃப்.ஏ. கோப்பை

2014இன் உண்மையான பரபரப்பு லீக் ஆட்டங்களில் இல்லை, இந்தக் கோப்பையில்தான் இருந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட கழகங்கள் பங்கேற்ற போட்டியின் முதன்மைச் சுற்றுக்கு 22 மாநிலக் கழகங்கள் வந்தன; ஏ-லீக்கின் பத்து அணிகளுடன் சேர்த்து 32 அணிகளின் சுற்று ஜூலை இறுதியில் தொடங்கியது.

ஆகஸ்டில் அடிலெய்டின் மார்டன் மைதானத்தில் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸை அடிலெய்டு சிட்டி 1–0 என்று வீழ்த்தியது. மாநில லீக் கழகம் ஒன்று ஏ-லீக் அணியைக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது அதுவே முதல் முறை. தோற்ற அணி சாதாரண அணியல்ல. அதே வாண்டரர்ஸ் நவம்பர் 1ஆம் தேதி ரியாத்தில் அல்-ஹிலாலுடன் சமன் செய்து, இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 1–0 என ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது; அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆஸ்திரேலிய அணியும் அதுதான். வாண்டரர்ஸ் அப்போது ஆசியப் போட்டியில்தான் கவனம் வைத்திருந்தது என்பது உண்மை. ஆனாலும் ஆசிய சாம்பியனாகப் போகும் அணியைப் பகுதிநேர ஆட்டக்காரர்கள் வென்றார்கள் என்பதை அது மாற்றாது. அந்த வாண்டரர்ஸின் பயிற்றுநர் டோனி போபோவிச், மாநில லீக்கில் ஆடும் சிட்னி யுனைடெட்டில் உருவானவர். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை தாங்கிய மிலே ஜெடினாக்கும் அதே கழகத்திலிருந்து வந்தவர்.

விக்டோரியாவின் பென்ட்லி கிரீன்ஸ் இன்னும் மேலே சென்றது. அரையிறுதிவரை முன்னேறி அங்கே பெர்த் குளோரியிடம் தோற்றது. டிசம்பர் 16ஆம் தேதி நடந்த இறுதிப்போட்டியில் பெர்த்தை 1–0 என்று வென்று அடிலெய்டு யுனைடெட் முதல் கோப்பையைக் கைப்பற்றியது.

பெயர்ச் சர்ச்சை

2014இன் நடுவில் ஆஸ்திரேலியக் கால்பந்து சம்மேளனம் தேசியக் கழக அடையாளக் கொள்கையை வெளியிட்டது. புதிய கழகமோ, பெயரையும் சின்னத்தையும் மாற்றும் பழைய கழகமோ, இனம், நாடு, மதம், அரசியல் சார்ந்த அடையாளம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அது. ஏற்கெனவே உள்ள பெயர்களைத் தொடவில்லை. இத்தகைய கட்டுப்பாடு புதிதும் அல்ல. 1990களிலேயே சிட்னி குரோஷியா சிட்னி யுனைடெட்டாகவும் மெல்போர்ன் குரோஷியா மெல்போர்ன் நைட்ஸாகவும் மாறியிருந்தன.

கொள்கைக்கு ஆதரவாகக் காட்டப்பட்டவை பழைய மோதல்கள். செர்பியர்களின் பானிரிக் ஒயிட் ஈகிள்ஸும் சிட்னி யுனைடெட்டும் மேற்கு சிட்னியில் அருகருகே இருக்கும் கழகங்கள். 2005இல் அவற்றின் ரசிகர்கள் மோதிக்கொண்டது நாடு முழுவதும் செய்தியாயிற்று. ஆனால் சில பத்துப் பேரின் வன்முறைக்கு ஒரு கழகத்தின் முழு வரலாற்றையும் தண்டிப்பது நியாயமா என்று கழகங்கள் கேட்டன. மெல்போர்ன் குரோஷியா என்ற பெயர்கொண்ட அமைப்பை விளம்பரதாரராகக் கோப்பைப் போட்டிச் சட்டையில் பொறிக்க மெல்போர்ன் நைட்ஸ் கேட்ட அனுமதியைச் சம்மேளனம் மறுத்தது. கழகம் இதைப் பாகுபாடு என்று எதிர்த்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2019இல், அந்தக் கொள்கையே கைவிடப்பட்டது.

பின்விளைவுகள்

என்.பி.எல். தேசிய இறுதிச் சுற்று 2019 வரை ஆண்டுதோறும் நடந்தது. அவ்வாண்டு லயன்ஸ் அணியை 4–3 என்று வென்ற வொல்லங்காங் வுல்வ்ஸே கடைசியாகப் பட்டம் பெற்ற அணி. கொரோனாவால் 2020இல் நின்ற சுற்று பின்னர் தொடரவில்லை. ஆஸ்திரேலியக் கோப்பை எனப் பெயர் மாறிய எஃப்.எஃப்.ஏ. கோப்பையில் 2022இல் சிட்னி யுனைடெட் இறுதிப்போட்டிவரை சென்று மக்கார்த்தர் அணியிடம் 2–0 என்று தோற்றது. ஏ-லீக் விரிவடைந்தபோது சவுத் மெல்போர்ன் விண்ணப்பித்தது. 2018 டிசம்பரில் அந்த இடங்கள் புதிதாக உருவான வேறு இரண்டு அணிகளுக்குச் சென்றன.

மாநிலக் கழகங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த தேசிய இரண்டாம் நிலைப் போட்டி, ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் என்ற பெயரில் 2025 அக்டோபரில் தொடங்கியது. சவுத் மெல்போர்ன், சிட்னி யுனைடெட், மார்கோனி போன்ற பழைய கழகங்களும் மாநில லீக்குகளில் தகுதி பெற்றவையும் அதில் ஆடின. மாநிலப் பருவம் முடிந்தபின் சில வாரங்கள் நடக்கும் போட்டி அது. அதை வென்றாலும் ஏ-லீக்குக்கு ஏற முடியாது.