சோதனைக் குழாய் யார் கையில்?

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாள், கணக்குப் போட வரும்படி மாணவர் பீமராவை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே மற்ற பிள்ளைகள் எழுந்து பலகையை நோக்கி ஓடினார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருந்தன. அவை தீட்டாகிவிடுமாம். பாத்திரங்களை எடுத்த பிறகுதான் அவரால் பலகையில் எழுத முடிந்தது.

அண்ணலின் வாழ்க்கை வரலாற்றில் வரும் இந்தச் செய்தியைத் தீண்டாமைக்கு எடுத்துக்காட்டாக நாம் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறோம். கற்பித்தல் முறை பற்றிய செய்தியாக அதைப் பார்த்ததில்லை. ஒரு குழந்தை கற்றுக்கொள்ள எதைத் தொட வேண்டும், அதைத் தொட அந்தக் குழந்தையை யார் விடுகிறார்கள்? அறிவியல் வகுப்பில் இது இன்னும் கூர்மையான கேள்வி. லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும் என்று காதால் கேட்டு எழுதினால் அது மனப்பாடம். தாளைப் பிடிக்கும் கை நம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

இதைச் செய்து காட்டிய ஓர் ஊர் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள ஹோஷங்காபாத். 1972இல் அந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் புதிய அறிவியல் பாடமுறை தொடங்கியது. தொடங்கியவை கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள். கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சட்கோபால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்த உயிரியலாளர். டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் புத்தகம் எழுதிய விதத்தைக் கவனியுங்கள். பாடத்தை எழுதி, கிராமப் பள்ளியில் நடத்திப் பார்ப்பார்கள். பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள், எந்தக் கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, ஆசிரியர்களோடு பேசித் திருத்தி எழுதுவார்கள். கல்வி ஆராய்ச்சி என்றால் பல்கலைக்கழக அறையில் முனைவர் பட்டத்துக்கு எழுதுவது என்று நினைக்கிறோம். அது ஆறாம் வகுப்பின் தரையில் உட்கார்ந்து நடந்தது. அப்படி உருவான ‘பால் வைஞானிக்’ புத்தகத்தில் மனப்பாடம் செய்ய விடைகள் இல்லை. பரிசோதனையும் கேள்வியும்தான். நான்கு பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பரிசோதனைப் பெட்டி. பூவைப் பிரித்துப் பார்க்க எஃகு ஊசிக்குப் பதில் கருவேல முள். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் சேர்த்து வடிவியல் உருவங்கள் செய்தது இங்கேதான். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. அதே 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் போனது. 1982இல் அதை நடத்த ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. (கட்டை விரலை இழந்தவனின் பெயரை வைத்தார்கள் என்பது நமக்கு உறைக்கத்தான் செய்கிறது.)

ஆனால் நான்கு பேருக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டால் போதுமா? உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. 6, 7ஆம் வகுப்புப் பையன்கள் 642 பேர். பாதிப்பேர் ஆதிக்கச் சாதி, பாதிப்பேர் தலித். வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்களிடம் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு பையனின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னும் வாசித்துவிட்டு அதே புதிர்களைக் கொடுத்தபோது, தலித் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை குறைந்துவிட்டது. பையன்களும் அதே மாதிரிப் பையன்கள், புதிரும் அதே மாதிரிப் புதிர்.

“எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்” என்ற குரலைக் கேட்டு வகுப்பில் எழுந்து நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்த பீரியட் அறிவியலாக இருந்திருந்தால் நமக்கு என்ன புரிந்திருக்கும்? நமக்கு மூளை இல்லை என்று சொன்ன வாத்தியார்களுக்குக் கொடுக்க, ஆய்விதழில் வெளியான பதில் இப்போது நம் கையில் இருக்கிறது.

ஹோஷங்காபாத் திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. அந்த ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். 2002 ஜனவரியில்தான் போபால் மாநாடு கூடி, 21 அம்ச தலித் செயல்திட்டத்தை வெளியிட்டது. தரமான இலவசக் கல்வி அதில் முக்கியக் கோரிக்கை. மாநாட்டுக்கு ஆதரவு தந்தவர் முதல்வர் திக்விஜய் சிங். அறிவியல் திட்டம் மூடப்பட்டதும் அவருடைய ஆட்சியில்தான். கல்வியாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். அரசு நடுநிலைப் பள்ளியில் அப்போது படித்துக்கொண்டிருந்தது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். தலித் இயக்கங்கள் இட ஒதுக்கீட்டுக்கும் நிலத்துக்கும் தெருவுக்கு வந்தன, அது சரிதான். ஒரு பரிசோதனைப் பெட்டி பறிபோனதும் உரிமைப் பறிப்புதான் என்று அன்று நமக்குத் தோன்றவில்லை. இதில் நம் மீதும் தவறு இருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அனுமதி வாங்கி, ஓர் அறிவியல் செய்முறை வகுப்பில் பின்வரிசையில் உட்காருங்கள். அன்று பரிசோதனை நடந்ததா, இல்லை பலகையில் படமாக வரையப்பட்டதா? நடந்திருந்தால் ஒவ்வொரு குழுவிலும் கருவியைக் கையில் பிடித்தது யார், பக்கத்தில் நின்று பார்த்தது யார், கடைசியில் குழாயைக் கழுவி வைத்தது யார்? பிள்ளைகளிடம் சாதியைக் கேட்காதீர்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது ஊர்க்காரர்களான உங்களுக்கே தெரியும். பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்புங்கள். 50 வகுப்புகள் சேர்ந்ததும் கல்வித்துறைக்கு அந்தக் கணக்கோடு மனு கொடுக்கப் போகிறோம்.