தேகாக்கினியை விசிறிய கதை

மருந்துக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களின் வாயிற்புறத்திலும், உடம்பின் வளர்சிதை மாற்றத்தை முடுக்கிவிட்டு எடையைக் குறைத்துத் தருவதாகச் சத்தியம் செய்யும் புட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறவர்கள், இது நம் காலத்து வியாபாரிகளின் மூளையில் உதித்த புதிய மோகம் என்று எண்ணிவிடக்கூடும். ஆனால் தேகத்துக்குள் எரியும் நெருப்பைச் சற்றே விசிறிவிட்டால் கொழுப்பு தானே கரைந்துபோகும் என்ற ஆசைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு; அந்த நெருப்பை அளக்க முயன்ற சாஸ்திரத்துக்கோ நானூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. வெவ்வேறு நோக்கத்தோடு புறப்பட்ட இவ்விரண்டும் ஒருநாள் சந்தித்துக்கொண்டன. அந்தச் சந்திப்பு பலருடைய கண்ணொளியையும் சிலருடைய உயிரையும் கொண்டுபோயிற்று.

அளவு சாஸ்திரத்தின் ஆதிபுருஷர் என்று சொல்லத் தக்கவர், இத்தாலியில் பதுவா சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியராக இருந்த சான்டோரியோ சான்டோரியோ. வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்ட கப்போதிஸ்திரியா என்னும் துறைமுகப் பட்டணத்தில் 1561-இல் பிறந்த இவர், கூரைக்கு மேலே பொருத்திய ஒரு பெரிய நிறைகோலின் கரத்திலிருந்து நாற்காலியொன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உணவருந்தினார். அன்றைக்கு இவ்வளவுதான் ஆகாரம் என்று வகுத்துக்கொண்ட நிறை வயிற்றுக்குள் சென்றதும் நாற்காலி மெல்லத் தாழ்ந்து, போதும் என்று அவருக்கு உணர்த்திவிடும். உட்கொண்டதையும் கழித்ததையும் முப்பது வருஷ காலம் நிறுத்துப் பார்த்த இம்மனிதர், எட்டு ராத்தல் உணவும் பானமும் உள்ளே போனால் ஏறத்தாழ ஐந்து ராத்தல், கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஓர் ஆவியாகவே தேகத்தை விட்டு நீங்கிவிடுகிறது என்று கண்டு, 1614-இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மெலிவது அவருடைய நோக்கமன்று. அந்த ஆவி தடைப்படுவதே நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொண்ட சித்தாந்தம். சித்தாந்தம் இன்று நிற்கவில்லை, தராசு நிற்கிறது.

அந்த ஆவியின் ரகசியத்தை உடைத்தவர் பிரான்ஸ் தேசத்து லவாசியே. 1782-83-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் அவரும் கணித மேதை லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகிற்று என்பதையும், அது வெளிவிட்ட கரியமிலவாயு எவ்வளவு என்பதையும் ஒப்பிட்டு, சுவாசம் என்பது மெதுவாக நடைபெறும் ஒரு தகனமே என்று நிலைநாட்டினார்கள். சில வருஷங்களுக்குப் பின் அர்மான் செகுவின் என்னும் இளைஞர் தம் முகத்தையே பரிசோதனைக்குக் கொடுத்தார்: முகமூடியணிந்து, குழாய் வழியே பிராணவாயுவை உறிஞ்சி, காலால் ஒரு மிதியை அழுத்திக்கொண்டு அவர் அமர்ந்திருக்க, லவாசியேயின் மனைவி மரி ஆன் ஓரத்து மேஜையில் குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் காட்சியை அந்த அம்மையாரே சித்திரமாக வரைந்து வைத்திருக்கிறார். குளிரில் பிராணவாயுவின் செலவு கூடுகிறது, உணவு செரிக்கும்போது இன்னும் கூடுகிறது, உழைக்கும்போதோ ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது என்பதெல்லாம் அங்கே தெரியவந்தன. இன்றைய புட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளில் உண்மை என்று ஏதாவது இருந்தால், அது அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. புரட்சி அரசாங்கம், வரி வசூல் குத்தகையில் பங்கு பெற்றிருந்த குற்றத்துக்காக 1794 மே 8-ஆம் தேதி லவாசியேயின் தலையைத் துண்டித்தது.

அடுத்த நூற்றாண்டில் மூனிக் நகரத்துப் பேராசிரியர்களும் அமெரிக்காவில் அட்வாட்டர், பெனடிக்ட் முதலியோரும் மனிதன் நாள்கணக்கில் தங்கி உண்டு உறங்கத் தக்க அறைகளையே கலோரிமானியாக்கி நுட்பங்களைப் பெருக்கினார்கள். அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அதே காலத்தில் லண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்ற ஈமக்கிரியை ஏற்பாட்டாளர், குனிந்து காலணியின் நாடாவைக் கட்டிக்கொள்ள முடியாமலும், மாடிப்படியில் பின்புறமாகவே இறங்க வேண்டியவராகவும் பருத்து, துடுப்புப் போட்டும் நீராவிக் குளியல் குளித்தும் பயன் காணாமல், கடைசியில் வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரின் ஆலோசனைப்படி ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் பெரும்பாலும் ஒதுக்கி, ஓராண்டில் 46 ராத்தல் குறைந்து, அதை 1863-இல் ஒரு சிறு பிரசுரமாக எழுதிப் பெரும் பிரசித்தி பெற்றார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நாவை அடக்குவது அவர் காட்டிய வழி. அது கசப்பான வழியாகையால், நாவை அடக்காமலே மெலிவதற்கு ஒரு வழி கிடைக்காதா என்ற ஏக்கமும் உடன்பிறப்பாக வளர்ந்தது.

வழி கிடைத்ததுபோல் தோன்றியது கழுத்திலிருக்கும் ஒரு சிறு சுரப்பியில். தைராய்டு சுரப்பி வற்றி, முகம் வீங்கி, குளிர்ந்து, மந்தித்துக் கிடந்த ஒரு பெண்மணிக்கு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மரே, 1891-இல் ஆட்டின் தைராய்டு சாற்றை ஊசி மூலம் செலுத்தி உயிர்ப்பித்தார். அந்தப் பெண்மணி அதன்பின் 28 வருஷம் வாழ்ந்தார். 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்னுஸ் லெவி, இச்சுரப்பி மிகுந்தால் உடலின் பிராணவாயுச் செலவு ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது, சாற்றைக் கொடுத்தாலும் ஏறுகிறது என்று அளந்து காட்டினார். நோயாளிக்கு இது அமிர்தம்தான். ஆனால் சுரப்பி செவ்வனே இயங்கும் பருத்த தேகிகளுக்கும் அதையே கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. உலர்த்திய தைராய்டுத் தூளை மாத்திரையாக்கி மார்மோலா என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பல்லாண்டு விற்றது. அதை உண்டவர்கள் மெலிந்தார்கள் என்பதும் மெய். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கிற்று, கொழுப்போடு தசையும் உருகிற்று என்பதும் மெய்.

இந்த மாத்திரையை அரசாங்கத்தால் ஏன் தடுக்க முடியவில்லை என்பது விசித்திரமான கதை. 1906-ஆம் வருஷத்து அமெரிக்க மருந்துச் சட்டம், நோயைத் தீர்ப்பதற்கு உரியதே மருந்து என்று வரையறுத்திருந்தது. பருமனோ அக்காலத்துச் சட்டத்தின் கண்ணில் நோயன்று. ஆகவே பருமனைக் குறைக்கும் பொருள் மருந்துமன்று. வேறு வழியாக வர்த்தகக் கமிஷன் தொடுத்த வழக்கு 1931-இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, விளம்பரங்கள் ஜனங்களை ஆபத்தான முறையில் மயக்குபவை என்பதில் நீதிபதிகளுக்கும் ஆட்சேபமில்லை. ஆயினும் போட்டி வியாபாரிகள் எவருக்கும் நஷ்டம் நேர்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிக் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். உண்டவனுடைய நெஞ்சு துடிப்பதைவிட, விற்பவனுடைய போட்டியாளன் நஷ்டப்படுவது முக்கியமாகத் தோன்றிய காலம் அது. அந்தக் கம்பெனி சட்டத்தின் கையில் சிக்க 1942 வரை ஆயிற்று.

சட்டத்தின் இந்த ஓட்டை வழியேதான் அடுத்த பொருள், மார்மோலாவைவிடப் பன்மடங்கு கொடியது, உள்ளே நுழைந்தது. டைநைட்ரோபீனால் என்பது மஞ்சள் நிறப் படிகம். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பிக்ரிக் அமிலத்தோடு கலந்து பீரங்கிக் குண்டுகளில் நிரப்பப்பட்டது. அதன் தூளைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்து, மெலிந்து, காரணம் தெரியாத காய்ச்சலில் விழுந்தார்கள். பலர் மாண்டும் போனார்கள். யுத்தம் முடிந்தபின் அந்தச் செய்தி மருத்துவ ஏடுகளில் உறங்கிக்கொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஸ்டான்போர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மாரிஸ் டெயின்டர், வின்ட்சர் கட்டிங் ஆகியோர் அதைத் தட்டியெழுப்பி, மனிதர்களுக்குச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்து, 1933-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தைராய்டைப் போல நாடியைத் துரிதப்படுத்தாமலே வளர்சிதை மாற்றம் கணிசமாக உயர்ந்தது. உணவைக் குறைக்காதவர்களும் வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்தல் இளைத்தார்கள்.

இதைக் காட்டிலும் இனிப்பான செய்தி பருத்தவர்களுக்கு வேறென்ன உண்டு? எச்சரிக்கையின்றி இதைப் பயன்படுத்தலாகாது என்று ஸ்டான்போர்டு மருத்துவர்களே எழுதினார்கள் என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் எச்சரிக்கையைப் படித்தவர்களைவிட விளம்பரத்தைப் படித்தவர்களே அதிகம். மருத்துவரின் சீட்டுக்கூட இல்லாமல் பல பெயர்களில் அது கடைகளில் கிடைத்தது. ஓராண்டுக்குள் அதை உட்கொண்ட அமெரிக்கர்களின் தொகை ஒரு லட்சத்துக்குக் குறையாது என்று டெயின்டரும் அவருடைய சகாக்களுமே கணக்கிட்டார்கள். சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது, சிலருக்கு நாவில் ருசி போயிற்று. வியர்வை ஆறாகப் பெருகிற்று. அளவு மிஞ்சியவர்களுக்கு உடற்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, எந்தக் காய்ச்சல் மருந்துக்கும் அடங்காமல், உயிரோடுதான் தணிந்தது.

1935-இல் வேறொரு விபரீதம் தலைகாட்டியது. முதியோருக்கு வருவதாகவே எல்லாரும் அறிந்திருந்த கண்புரை, இளம் வயதுப் பெண்களுக்கு, அதுவும் இரு கண்களிலும், மாதக் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் முற்றி வந்தது. விசாரித்தபோது அவர்கள் அனைவரும் மெலிவதற்காக இந்த மஞ்சள் மருந்தை உண்டவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் சிலர் அதை நிறுத்திப் பல மாதங்கள் கழிந்த பின்னரே பார்வை மங்கியவர்கள். இப்படிப் பதிவான நிகழ்ச்சிகள் நூற்றுக்கு மேல். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாகாது. மெலிந்த இடையே அழகு என்று பத்திரிகைகளும் திரைப்படங்களும் அவர்களுக்கே ஓயாமல் உபதேசித்துவந்தன.

சட்டம் கடைசியில் விழித்துக்கொண்டது. இந்தக் கண்கள் குருடானதனால் மட்டும் அது விழித்துவிடவில்லை. 1937-இல் சல்பனிலமைடு என்ற மருந்தை ஒரு நச்சுத் திரவத்தில் கரைத்து விற்ற பானகம், குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பிறகே, 1938 ஜூன் 25-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். நோய் தீர்ப்பது மட்டுமன்றி, தேகத்தின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றுவதற்கு உரிய எதுவும் மருந்தே என்று அது வரையறையை விரித்தது. பருமன் நோயா அன்றா என்ற தர்க்கம் அத்துடன் அனாவசியமாகி, டைநைட்ரோபீனால் மனிதர் உட்கொள்ளத் தகாத பொருள் என்று விலக்கப்பட்டது.

இத்தனையும் நடந்து முடிந்தபின்தான், அது எவ்வாறு வேலை செய்தது என்பதே விளங்கிற்று. உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள், உணவை எரித்துக் கிடைக்கும் சக்தியால் புரோட்டான்களை ஒரு சவ்வுக்கு வெளியே இறைத்து, அவை முறையான வழியே திரும்பும் வேகத்தைக் கொண்டு, தசைக்கும் மூளைக்கும் வேண்டிய ஏ.டி.பி. என்னும் சக்திச் சரக்கை உற்பத்தி செய்கின்றன. டைநைட்ரோபீனால் அந்தச் சவ்வைக் கடந்து புரோட்டான்களைக் குறுக்கு வழியே உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. கமலைச் சாலில் ஓட்டை விழுந்தால், மாடுகள் தீனியைத் தின்று நுரை தள்ள இழுத்தாலும் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடுமே, அதே நிலைமை. எரிதலும் ஏ.டி.பி. உற்பத்தியும் இவ்வாறு பிரிந்துபோவதை 1948-இல் லூமிஸும் லிப்மனும் காட்டினார்கள். இறைப்பின் சூத்திரத்தை 1961-இல் விளக்கிய பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்தால் இறந்தவர்களின் உடல் சில நிமிஷங்களிலேயே விறைத்துவிடுவதன் காரணமும் இதுவே: தசையைத் தளர்த்துவதற்கு வேண்டிய சக்தி ஒரு துளியும் மிச்சமிருப்பதில்லை.

பின்வந்த மருந்துகளைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. ஆம்ஃபெடமின், தைராய்டு, பேதி மருந்து, இருதய மருந்து எல்லாவற்றையும் வண்ண வண்ண மாத்திரைகளாகச் சேர்த்துக் கொடுத்த வைத்தியம் அமெரிக்காவில் 1960-களின் இறுதிவரை நடந்தது. எபிட்ரா என்ற மூலிகை 2004-இல் விலக்கப்பட்டது. எல்லாம் பழைய கதையின் மறுபதிப்பே.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது, பருத்தவனுடைய அக்கினி மந்தம், மெலிந்தவனுடைய அக்கினி தீவிரம் என்ற நம்பிக்கை. அளந்து பார்த்தவர்கள் கண்டது நேர்மாறு: பெரிய உடல் மொத்தத்தில் அதிகமாகவே எரிக்கிறது. நடுவயதில் அக்கினி அவிந்துவிடுகிறது என்பதும் பொய்த்தது; ஹெர்மன் பான்ட்சரும் அவருடைய கூட்டாளிகளும் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கு மேற்பட்டோரின் சக்திச் செலவை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, உடலின் அளவுக்கு ஏற்றபடி கணக்கிட்டால் அது 20 வயது முதல் 60 வயது வரை ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. உணவை வெகுவாகக் குறைத்தால் உடம்பு தன் நெருப்பைத் தானே தணித்துக்கொள்ளும் என்பதையோ, 1944-45-இல் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினிப் பரீட்சை முன்பே காட்டியிருந்தது. போருக்குச் செல்ல மனச்சாட்சி இடம் கொடாத 36 இளைஞர்கள் மனமொப்பி இருபத்துநான்கு வாரம் அரைவயிறாகக் கிடந்ததில், எடையில் கால் பங்கு போயிற்று. ஓய்வில் செலவாகும் சக்தி ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்தது.

டைநைட்ரோபீனாலோ ஒழிந்துவிடவில்லை. இரசாயனத் தொழிலுக்கென்று வாங்கப்படும் அந்த மஞ்சள் தூள், கட்டுடல் விரும்பும் இளைஞர்களைக் குறிவைத்து இணையத்தின் வழியே இன்றும் மாத்திரை வடிவில் கைமாறுகிறது. அதற்கு மாற்று மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. பிரிட்டனில் பல இளம் உயிர்கள் போன பிறகு, 2023 அக்டோபர் 1 முதல் அது சட்டப்படி விஷங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உரிமமின்றி அதை வாங்குவதும் வைத்திருப்பதும் அங்கே இப்போது குற்றம்.